செட்டிநாட்டு வீட்டின் உள்ளே

செட்டிநாட்டுப் பழைய வீட்டை உள்ளே அழகுபடுத்தும் வேலை கூரையில் தொடங்கிச் சுவர் வழியாகத் தரைக்கு இறங்குகிறது. மேசை, நாற்காலி, திரைச்சீலை, விளக்கு எல்லாம் அதற்குப் பிறகுதான். இந்த வரிசையைத் தலைகீழாக்கிய வீடுகளைக் காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் வட்டாரத்தில் எளிதாக அடையாளம் காணலாம். புதிதாக வண்ணம் பூசிய சுவரில் முழங்கால் உயரத்துக்கு உப்புப் பூத்திருக்கும். விலை கூடிய சரவிளக்குக்கு மேலே மச்சுப் பலகையில் மழைநீர் வட்டம் வட்டமாகக் கறை போட்டிருக்கும். இப்படிப்பட்ட வீட்டில் உள்அலங்காரத் தொழில் செய்பவருக்கு முதலில் தெரிந்திருக்க வேண்டியது தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்பது. நிறம், துணி, வடிவம் பற்றிய தேர்ச்சி அதன்மேல்தான் பயன்படும்.

இன்றைய சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் எழுபதுக்கும் மேற்பட்ட ஊர்களில் நகரத்தார் எனப்படும் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் கட்டிய இந்த வீடுகள் பரவியிருக்கின்றன. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து 1940கள் வரை இவை எழுந்தன. பர்மாவிலும் இலங்கையிலும் மலாயாவிலும் இந்தோசீனாவிலும் கொடுக்கல் வாங்கலில் ஈட்டிய செல்வம் கட்டடப் பொருளாகவே ஊர் திரும்பியது. பர்மாத் தேக்கு, இலங்கை முதிரை, இத்தாலியப் பளிங்கு, பெல்ஜியக் கண்ணாடி, இங்கிலாந்தின் வார்ப்பிரும்பு, ஜப்பானியப் பூ ஓடு எல்லாம் கப்பலில் வந்து, மாட்டு வண்டியில் ஏறி, இந்த வறண்ட செம்மண் ஊர்களுக்கு வந்து சேர்ந்தன. 1942இல் ஜப்பானியப் படை பர்மாவைப் பிடித்ததும் அந்தப் பணவரவு அறுந்தது. குடும்பங்கள் சென்னைக்கும் பிற நகரங்களுக்கும் பெயர்ந்தன. அதன்பின் பெரும்பாலான வீடுகள் கல்யாணம், அறுபதாண்டு நிறைவுச் சாந்தி, முன்னோருக்கான படைப்பு, இறப்புக் காரியம் ஆகிய நாட்களில் மட்டும் திறக்கப்பட்டன. பூட்டிக் கிடக்கும் நாட்கள்தான் இவற்றை அதிகம் கெடுக்கின்றன. 2014இல் செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றன. ஆயினும் இடிப்பு நிற்கவில்லை.

வீட்டின் அமைப்பைப் படித்துக்கொள்ளாமல் ஒரு பொருளையும் அதனுள் நகர்த்தக் கூடாது. தெருவைப் பார்த்த முகப்பில் திண்ணை. அங்கிருந்து நிலையைக் கடந்தால் வளவு. வளவின் நடுவே வானம் பார்த்த முற்றம், அதைச் சுற்றித் தூண்கள் தாங்கும் பத்தி, பத்தியின் ஓரமாக அறைகள். அதற்குப் பின்னால் இரண்டாம் கட்டு, பெரிய வீடானால் மூன்றாம் கட்டு, கடைசியில் அடுப்படியும் கிணறும். முகப்பு ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலுமாக வீடு நீளும். முன்வாசலில் நின்றால் நிலைக்குள் நிலையாகப் பின்கட்டு வரை பார்வை ஓடும். அந்த நேர்கோட்டுப் பார்வைதான் வீட்டின் முதல் அழகு. இடையில் ஒரு தடுப்பு, ஓர் உயரமான அலமாரி, ஒரு பூந்தொட்டி வரிசை வைத்தாலும் அது உடைந்துவிடும். காற்றும் அதே கோட்டில்தான் ஓடுகிறது. ஆகவே வாசல்களின் நேரே எதையும் நிறுத்தாமல் இருப்பதே இங்கே முதல் அலங்கார முடிவு.

வெளிச்சமும் இந்த அமைப்பிலிருந்தே வருகிறது. முற்றத்தில் கண் கூசும் வெயில், பத்தியில் மென்மையான ஒளி, அறைக்குள் அரையிருட்டு என மூன்று படிகளாக அது இறங்குகிறது. அறை இருட்டாக இருக்கிறதே என்று கூரையில் ஓட்டை போட்டுக் கண்ணாடி பதிப்பவர்கள் உண்டு. அந்த இருட்டு வேண்டுமென்றே வைத்துக் கட்டியது. சித்திரை வெயிலில் நடந்து வந்தவர் அறைக்குள் நுழைந்ததும் உணரும் குளிர்ச்சியில் பாதி அந்த நிழலால் வருவது. பளபளக்கும் வெள்ளைச் சுவரும் மெருகேறிய தரையும் முற்றத்து ஒளியை வாங்கி உள்ளே அனுப்பும்படி அமைந்திருக்கின்றன. சுவரை மங்கலான நிறத்தில் அடித்துத் தரையில் கம்பளம் விரித்துவிட்டு விளக்கு போதவில்லை என்று குறைப்படுவது வீட்டின் குற்றமாகாது.

கூரையைப் பொறுத்தவரை இரண்டு வகை தெரிந்திருந்தால் போதும். ஒன்று, அரைவட்ட நாட்டு ஓடுகளை அடுக்கடுக்காக வேய்ந்த சரிவுக் கூரை. வளவைச் சுற்றி இது உள்நோக்கிச் சரிந்து மழைநீரை முற்றத்தில் கொட்டும். இன்னொன்று, மெட்ராஸ் டெரஸ் எனப்படும் தட்டை மச்சு. தேக்குக் கட்டைகளின் மேல் செங்கல்லை நிமிர்த்திச் சாய்வாக அடுக்கி, சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் கலந்து இடித்து, மேலே தட்டோடு பதித்த தளம் அது. இரண்டும் ஒழுகுவதற்குப் பெரும்பாலும் காரணம் உடைந்த ஓடு, அடைத்த தூம்பு, கைப்பிடிச் சுவரில் முளைத்த அரசங்கன்று ஆகிய மூன்றில் ஒன்று. கன்றைப் பிடுங்கி எறிந்தால் வேர் உள்ளே இருந்து மீண்டும் துளிர்க்கும். சாந்தைத் திறந்து வேரோடு எடுத்து, சுண்ணாம்புச் சாந்தாலேயே மூட வேண்டும். ஒழுகலுக்கு மாற்றாக மச்சின்மேல் கான்கிரீட் போடுவது மிகக் கெட்ட வைத்தியம். பாரம் கூடுகிறது, அடியில் சிக்கிய ஈரம் வெளியேற வழியின்றித் தேக்குக் கட்டைகளின் முனையைச் சுவருக்குள்ளேயே மக்க வைக்கிறது. கட்டை முனை மக்கியது வெளியே தெரிய ஆண்டுகள் ஆகும். தெரியும்போது மச்சு தொய்ந்திருக்கும்.

இனிச் சுவர். செட்டிநாட்டு வீட்டின் பெருமை அதன் பூச்சில்தான் இருக்கிறது. நூறு ஆண்டு கடந்தும் கை வைத்தால் வழுக்கும், முகம் பார்க்கலாம் போலிருக்கும், கோடையிலும் தொட்டால் குளிரும். கிளிஞ்சல் சுண்ணாம்பை நீற்றி, தண்ணீருக்கடியில் வாரக்கணக்கில் ஊறப்போட்டு, மணலோடு சேர்த்து அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரை விட்டுக் குழைத்த சாந்து அது. அடிப்பூச்சு கரடாக இருக்கும். மேலே போகப் போக மணல் சலித்துச் சலித்து மெல்லிதாகும், பூச்சின் கனமும் குறையும். கடைசிப் பூச்சில் மணலே இல்லை. வெண்ணெய் போல் அரைத்த சுண்ணாம்பில் மாவுக்கல் பொடியும் முட்டை வெள்ளைக்கருவும் சேரும். அதைக் கரணையால் இழுத்து, ஈரம் வற்றும் பதம் பார்த்து, வழுவழுப்பான கல்லால் மணிக்கணக்கில் தேய்த்து மெருகேற்றுவார்கள். அடுக்குகளின் எண்ணிக்கை வீட்டுக்கு வீடு மாறும். மாறாத ஒன்று பொறுமை: ஒரு பூச்சு இறுகும்வரை அடுத்தது ஏறாது.

இந்தப் பூச்சு ஏன் இத்தனை காலம் நிற்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால், அதை எப்படிக் கெடுக்கக் கூடாது என்பதும் தெரியும். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சி மெல்ல மெல்லக் கல்லாகிறது. கல்லான பின்னும் அதில் நுண்துளைகள் இருக்கும். அஸ்திவாரத்திலிருந்து ஏறும் ஓதம் அந்தத் துளைகள் வழியாக ஆவியாகிப் போய்விடும். இதைத்தான் சுவர் மூச்சுவிடுகிறது என்கிறார்கள் கொத்தனார்கள். சிமெண்ட் பூச்சும் பிளாஸ்டிக் எமல்ஷனும் அந்த மூச்சை அடைக்கின்றன. வெளியேற முடியாத ஈரம் மேலே ஏறுகிறது, தன்னோடு உப்பையும் தூக்கிக்கொண்டு போய்ப் பூச்சுக்குப் பின்னால் படிகமாக்கிச் சுவரைப் பொரியச் செய்கிறது. ஓதம் அடிக்கிறது என்று அடிச்சுவரில் மூன்றடி உயரத்துக்குச் சிமெண்ட் பூசுவார்கள். அடுத்த ஆண்டு ஓதம் நான்காவது அடியில் நிற்கும். உள்அலங்காரப் பணியில் செலவு வீணாவது இந்த இடத்தில்தான் அதிகம்.

ஆகவே பழைய மெருகுச் சுவர் நல்ல நிலையில் இருந்தால் அதற்கு வண்ணமே பூசக் கூடாது. மென்மையான பருத்தித் துணியை நீரில் நனைத்துப் பிழிந்து துடைத்தால் பல வீடுகளில் பழைய வெண்மை திரும்பும். மேலே டிஸ்டெம்பர் ஏறியிருந்தால் வெந்நீரும் துணியுமாகச் சிறு சிறு கட்டங்களாக ஊறவைத்து எடுக்க வேண்டும். மின் இயந்திரத்தால் தேய்த்தால் டிஸ்டெம்பரோடு மெருகும் போய்விடும், அது திரும்ப வராது. எனாமல் பெயிண்ட் ஏறிய சுவர் கடினமான நோயாளி. பெயிண்ட் நீக்கிக் களிம்பை முதலில் ஒரு மூலையில், கதவுக்குப் பின்னால், கையளவு இடத்தில் சோதித்துப் பார்த்த பிறகே மற்ற இடத்துக்குப் போகலாம். உடைந்த இடங்களை ஒட்டுப்போடும்போது புதுப் பூச்சு பழையதோடு முழுக்கக் கலந்துவிட வேண்டும் என்ற பிடிவாதம் தேவையில்லை. புதுச் சுண்ணாம்பு தொடக்கத்தில் அதிக வெள்ளையாகத் தெரியும், சில ஆண்டுகளில் பழையதை நெருங்கும். ஒட்டு தெரிவதற்கு அஞ்சிச் சுவர் முழுவதையும் உரித்துப் புதிதாகப் பூசச் சொல்லும் வீட்டுக்காரரை நிறுத்திப் பேசுவது அலங்காரக்காரரின் கடமை.

1930களில் கட்டிய வீடுகளில் சிமெண்டும் கான்கிரீட்டும் நுழைந்துவிட்டன. வளைந்த முகப்பும் நேர்கோட்டுச் சன்னல்களுமாக ஆர்ட் டெக்கோ பாணியும் அப்போது வந்தது. கானாடுகாத்தானில் ஒரு தந்தை தம் மகளுக்காகக் கட்டிய விசாலம் என்ற வீடு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இன்று அது விடுதியாக இயங்குகிறது. இத்தகைய வீட்டில் எல்லாச் சுவரும் சுண்ணாம்பு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கண்ணில் படாத ஓரிடத்தில் கீறிப் பார்த்தால் சாம்பல் நிறத்தில் கெட்டியாக இருப்பது சிமெண்ட், வெள்ளையாகப் பொடிவது சுண்ணாம்பு.

தரைக்கு வந்தால் ஆத்தங்குடி ஓடு. காரைக்குடிக்கு அருகிலுள்ள அந்த ஊரில் இன்றும் வீடு வீடாகப் பட்டறைகள் நடக்கின்றன. ஒரு கண்ணாடிப் பலகையின் மேல் இரும்புச் சட்டம். அதற்குள் பித்தளையிலோ தகரத்திலோ செய்த பூ அச்சு. சிமெண்டும் மணலும் வண்ணப் பொடியும் கரைத்த கூழைக் கரண்டியால் அள்ளி ஒவ்வொரு அறையிலும் தனித்தனி நிறமாக ஊற்றி, அச்சை மெல்லத் தூக்கினால் நிறங்கள் ஒன்றையொன்று தொட்டு நிற்கும். மேலே காய்ந்த சிமெண்ட் மணல் கலவையைத் தூவி ஈரத்தை உறிஞ்சவிட்டு, அதன்மேல் ஈரச் சாந்தை வைத்து அமுக்கி மட்டம் செய்வார்கள். பிறகு நிழலில் இறுகவிட்டுத் தண்ணீர்த் தொட்டியில் நாட்கணக்கில் ஊறப்போட்டு எடுத்து உலர்த்தினால், கண்ணாடி விட்டு வரும். கண்ணாடியின் வழவழப்பே ஓட்டின் மினுமினுப்பு. சூளை இல்லை, மெருகு எண்ணெய் இல்லை. கூழை ஊற்றும் கையின் நிதானத்துக்கேற்பப் பூவின் விளிம்பு ஓட்டுக்கு ஓடு இம்மியளவு மாறும். அந்த மாறுபாட்டைக் குறையென்று ஒதுக்கி, ஒன்றுபோல் இருப்பதை மட்டும் பொறுக்கியெடுக்கச் சொன்னால் கையால் செய்த ஓட்டை வாங்குவதில் பொருளே இல்லை.

பழைய தளங்களில் ஓடுகள் பாய் விரித்தாற்போல் அமைந்திருக்கும். சுற்றிலும் கரை, மூலைக்குத் தனி ஓடு, நடுவே பூ. அறையின் அளவுக்குக் கணக்குப் போட்டுத்தான் அச்சுச் செய்தார்கள். அதனால் உடைந்த ஓட்டை மாற்றும்போது அளவையும் கனத்தையும் பழையதில் அளந்து, பட்டறைக்கு உடைந்த ஓட்டையே கொண்டுபோய்க் காட்டி, வண்ணத்தைச் சற்று அடக்கிச் செய்யச் சொல்வது நல்லது. புத்தம்புது சிவப்பு பழைய சிவப்பின் பக்கத்தில் கத்தும். பத்து ஓடுகள் குறைந்தால், கட்டிலுக்கு அடியிலும் அலமாரிக்குப் பின்னாலும் உள்ள பழைய ஓடுகளை எடுத்துக் கண்ணில் படும் இடத்தில் வைத்துவிட்டு, புதியவற்றை அந்த மறைவிடத்தில் பதிப்பது அனுபவசாலிகளின் வழி.

இந்த ஓட்டுக்கு எதிரி அமிலம். கழிவறைக்கு ஊற்றும் அமிலமும் கறை நீக்கும் திரவமும் ஒரே நாளில் மேற்பரப்பை அரித்துச் சொரசொரப்பாக்கிவிடும். எலுமிச்சைச் சாறும் புளிக்கரைசலும் சிந்தினால்கூட உடனே துடைக்க வேண்டும். புதிதாகப் பதித்த தளத்தில் தவிட்டைத் தூவித் தேய்ப்பதும், பிறகு சில சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்ட நீரால் துடைத்து வருவதும் ஊர் வழக்கம். வெறுங்கால் நடக்க நடக்கத் தரை மெருகேறும் என்பது உண்மை. நடமாட்டமுள்ள பத்தியும் பூட்டிய அறையும் ஒரே நாளில் பதித்தவையானாலும் வேறு வேறு தரை போலத் தெரிவதைப் பல வீடுகளில் காணலாம்.

முற்றத்துத் தளமும் வளவின் விளிம்பும் பெரும்பாலும் கருங்கல். அதை மூடி ஓடு பதிப்பது தவறு. மழையையும் வெயிலையும் தாங்கும் கல் அது. அதன் வாட்டம் நீரைத் தூம்புக்கும் அங்கிருந்து தெருக்கால் வழியாக ஊருணிக்கும் கொண்டுபோகும்படி அமைந்தது. முற்றத்தின் மேல் பாலிகார்பனேட் தகடு போட்டு மூடுவது இப்போது பரவிவரும் வழக்கம். குரங்கும் புறாவும் தொல்லை என்பது காரணமாகச் சொல்லப்படும். அதற்குக் கம்பி வலை போதும். தகடு வெப்பக் காற்றை உள்ளேயே நிறுத்துகிறது; வளவு முழுவதும் புழுங்குகிறது; பிறகு குளிர்சாதனம் கேட்கிறது.

மரவேலையில் செய்ய வேண்டியது குறைவு, செய்யக் கூடாதது அதிகம். நிலையும் கதவும் தூணும் தூண் தலைப்பான போதிகையும் பெரும்பாலும் பர்மாத் தேக்கு. அதன் எண்ணெய்ப்பசை இன்னும் உள்ளே இருக்கிறது. காஸ்டிக் சோடாவால் கழுவினால் பழைய வார்னிஷ் சீக்கிரம் போகும், ஆனால் மரம் கருத்துப் போகும், செதுக்கலின் கூர் மழுங்கும். களிம்பும் மெல்லிய சுரண்டியும் பல் துலக்கும் பிரஷுமாகக் கையால் எடுப்பதே வழி. நிலைமேல் உள்ள கஜலட்சுமிக்கும் யாளிக்கும் வண்ண எனாமல் அடித்திருந்தால் அதை எடுப்பதற்கு முன் அடியில் பழைய வண்ணம் உண்டா என்று பார்க்க வேண்டும். சில வீடுகளில் அசல் வேலையே வண்ணத்தோடு செய்தது. சுத்தமான மரத்துக்கு ஆளி விதை எண்ணெயோ தேன்மெழுகோ போதும். கண்ணாடி போலப் பளபளக்கும் மெலமைன் பூச்சு இந்த மரத்துக்கு ஒட்டாத அணி. கதவுக்குமேல் பதித்த பச்சை, நீல, சிவப்புக் கண்ணாடிகளில் ஒன்று உடைந்திருந்தால் அதே நிறம் கிடைக்கும்வரை வெறுங்கண்ணாடி வைத்துக் காத்திருக்கலாம். நிறம் மாறிய ஒரு துண்டு மொத்த வரிசையையும் கெடுக்கும்.

மின்சாரமும் குழாயும் இந்த வீடுகளுக்குப் பின்னால் வந்த விருந்தாளிகள். சுண்ணாம்புச் சுவரைக் காடி வெட்டி வயர் புதைப்பது நூறாண்டு மெருகை ஒரு நாளில் அழிக்கும் செயல். தொடக்ககால மின்வேலையில் மரப்பட்டையின்மேல் வயரை ஓட்டி, வட்டமான பீங்கான் சுவிட்சு வைத்தார்கள். இன்றும் அதே வழியைப் பின்பற்றலாம். உத்தரத்தின் பக்கவாட்டிலும் நிலையின் ஓரத்திலும் மெல்லிய குழாயை வெளிப்படையாக ஓட்டினால் கண் அதை மன்னித்துவிடும், பழுதானால் சுவரைத் தொடாமல் மாற்றவும் முடியும். விளக்கு மஞ்சள் சாய்ந்த ஒளியாக, 2700 கெல்வின் அளவில் இருப்பது தேக்குக்கும் சுண்ணாம்புக்கும் ஒத்துப்போகும். வெள்ளைக் குழல்விளக்கின் கீழ்த் தேக்கு சாம்பலாகத் தெரிகிறது. கூரையிலிருந்து எல்லாவற்றையும் ஒரே சீராக வெளிச்சமாக்குவதைவிட, சுவரோரத்தில் தாழ்வாக வைத்த சில விளக்குகள் பகலில் முற்றம் செய்யும் வேலையை இரவில் ஓரளவு செய்யும். பொய்க்கூரை பற்றி ஒரே சொல்: வேண்டாம். மச்சுப் பலகைதான் அறையின் சிறந்த அலங்காரம்.

குளியலறை கடினமான கேள்வி. பழைய வீட்டில் அது பின்கட்டுக்கு அப்பால் இருந்தது. வயதானவர்கள் தங்கவும் விடுதியாக நடத்தவும் அறையோடு ஒட்டியது தேவைப்படுகிறது. வளவைச் சுற்றி ஒவ்வொரு மணமான மகனுக்கும் ஒதுக்கிய இரட்டை அறைகள் இதற்கு வழிவிடுகின்றன. உள்ளறையைக் குளியலறையாக்கி வெளியறையைப் படுக்கையறையாக விடலாம். பழைய தரையை உடைக்காமல் அதன்மேல் நீர் கசியாத தளத்தை உயர்த்தி, குழாய்களை அந்த உயரத்துக்குள் ஓட்ட வேண்டும். தடுப்புச் சுவரைக் கூரைவரை எழுப்பாமல் ஆளுயரத்தில் நிறுத்தினால் மச்சு முழுதாகக் கண்ணில் படும், ஆவியும் வெளியேறும். பின்னாளில் யாராவது எல்லாவற்றையும் அகற்றினால் பழைய தரை அப்படியே கிடைக்க வேண்டும். புதிதாகச் சேர்க்கும் எதையும் பழையதைக் காயப்படுத்தாமல் எடுக்க முடிகிறதா என்பதே இத்தொழிலில் எல்லா முடிவுகளுக்கும் உரைகல்.

கொத்தமங்கலத்தில் சாரதா விலாஸ் வீட்டைப் பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர்கள் மிஷேல் அத்மோன், பெர்னார் திராகோன் இருவரும் விடுதியாக்கினார்கள். காரைக்குடியில் தி பங்களா 1999 முதல் விருந்தினரை ஏற்கிறது. இத்தகைய வீடுகளுக்குப் போய்ப் பார்ப்பது படங்களில் காண்பதைவிட அதிகம் கற்றுத்தரும். பத்தியில் எத்தனை அடிக்கு ஒரு நாற்காலி, எந்தத் தூணுக்கிடையில் வெறுமை என்பதெல்லாம் நேரில்தான் பிடிபடும். சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் தட்சிணசித்ராவில் மாற்றி நிறுவிய செட்டிநாட்டு வீடும் அமைப்பைக் கற்க நல்ல இடம்.

அறைகலன்களில் முதலில் விளங்கிக்கொள்ள வேண்டியது, இந்த வீடுகள் ஏறக்குறைய வெறுமையாக இருக்கவே கட்டப்பட்டவை என்பது. வளவு நூற்றுக்கணக்கானோர் தரையில் அமர்ந்து சடங்கு நடத்தும் இடம். பாய் விரித்தால் கூடம், சுருட்டினால் வெளி. அங்கே சோபா வரிசை போட்டால் தூண்களின் அளவு சுருங்கிப் போகிறது. பத்தியில் ஓர் ஊஞ்சல், இரண்டு சாய்வு நாற்காலி, பளிங்கு பதித்த ஒரு வட்ட மேசை, பிரம்பு பின்னிய வளைமர நாற்காலிகள் சில; இவ்வளவே பழைய வழக்கம், இன்றைக்கும் போதுமானது. ஊஞ்சல் சங்கிலியை எந்த உத்தரத்தில் மாட்டுவது என்பதைத் தச்சர் தட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும். பத்தமடைப் பாயும், பனையோலைக் கொட்டானும், கண்டாங்கித் துணியில் தைத்த திண்டும் இந்தத் தரைக்குப் பொருந்துகின்றன. கண்டாங்கியின் கட்டம் ஆத்தங்குடிப் பூவோடு மோதும் இடத்தில் ஒரே நிறத் திண்டே நல்லது.

சுவரில் தொங்கும் படங்களில் ரவிவர்மா அச்சுப் படங்கள் பெரும்பங்கு. 1894இல் பம்பாயில் தொடங்கிய அவருடைய அச்சகத்திலிருந்து வந்த ஓலியோகிராப்களின்மேல் சரிகையும் துணியும் ஒட்டி அலங்கரித்தவையும் இங்கே உண்டு. அவற்றை உயரத்தில் மாட்டி, மேல்விளிம்பை முன்னோக்கிச் சாய்த்து வைப்பார்கள். தரையில் அமர்ந்தவர் நிமிர்ந்து பார்க்கும் கோணம் அது. அதை நேராக்கித் தாழ்த்திக் கண்மட்டத்தில் மாட்டினால் படம் கடையில் தொங்குவது போலாகிவிடும். பின்பலகை பழைய மரமானால் அமிலம் ஏறித் தாள் பழுப்பாகும். பலகையை மாற்றி, தாளுக்கும் கண்ணாடிக்கும் இடையே சிறு இடைவெளி விட்டு, வெயில் நேரே விழாத உலர்ந்த சுவரில் வைக்க வேண்டும். ஓதமுள்ள சுவரானால் சட்டத்தின் பின்னால் தக்கைத் துண்டுகள் ஒட்டிக் காற்றோட்டம் விடலாம். செக்கோஸ்லோவாகியா, சுவீடன், ஜப்பான் எனாமல் பாத்திரங்களை அடுப்படிப் பரணிலிருந்து இறக்கி அடுக்குவது எளிய, நேர்மையான அலங்காரம். அவை அந்த வீட்டில் புழங்கியவை.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. தூண், நிலை, பெட்டகம், கல்லுரல், பெல்ஜியக் கண்ணாடி எல்லாம் அங்கே விலைக்கு நிற்கின்றன. இவை எங்கிருந்து வந்தன என்பது ஊரறிந்தது. பங்காளிகள் பிரித்துக்கொள்ள முடியாமல் இடித்து விற்ற வீடுகளின் எலும்புகள் இவை. வேறொரு நகரில் கட்டிய புது வீட்டில் எதையும் தாங்காமல் நிற்கும் பழந்தூணுக்காக இங்கே ஒரு மச்சு இறங்கியிருக்கும். ஏற்கெனவே கழன்று வந்த பொருளை வாங்கிப் பேணுவதில் தவறில்லை. ஆனால் நிற்கும் வீட்டிலிருந்து கதவைக் கழற்றித் தரச் சொல்லி முன்பணம் கொடுப்பது வேறு. அதற்கு உடன்படும் அலங்காரக்காரர் தன் தொழிலின் வேரையே வெட்டுகிறார். வாங்கும் தூணை அதன் போதிகையோடும் அடிக்கல்லோடும் வாங்கி, உண்மையாக ஒரு பாரத்தைத் தாங்கும் இடத்தில் நிறுத்துவதுதான் அதற்குக் கொடுக்கும் மரியாதை.

பங்காளிகளின் உடன்பாடு பெறாமல் எதுவும் நடக்காது என்பதும் இத்தொழிலின் நடைமுறை. ஒரு வீட்டுக்குப் பல பங்குதாரர்கள். அறை ஒருவருக்கு, வளவும் முகப்பும் எல்லோருக்கும். ஒருவர் தம் அறைக்குள் என்ன செய்தாலும் கூரையும் ஓதமும் பொதுவானவை. எனவே வரைபடத்தை விரித்து எல்லாப் பங்காளிகளிடமும் பேச வேண்டியிருக்கும், சிலர் வெளிநாட்டில் இருப்பார்கள். சாமி வீட்டையும் படைப்புப் பொருட்கள் உள்ள அறையையும் வரைபடத்தில் கோடிட்டு விலக்கிவிட வேண்டும். அங்கே துப்புரவுகூட வீட்டார் சொன்னபடிதான்.

அடுக்குமாடிக் குடியிருப்பில் செட்டிநாட்டுச் சாயல் கேட்பவர்களும் உண்டு. ஆத்தங்குடி ஓடு ஏறக்குறைய முக்கால் அங்குல கனம் வரும். அதன் அடியில் சாந்தும் வேண்டும். ஏற்கெனவே உள்ள டைல்ஸ் மீது பதித்தால் கதவுகள் இடிக்கும், அறைக்கு அறை படி விழும். பூசை அறை, நுழைவிடம், பால்கனி என ஓரிடத்தில் மட்டும் கரையோடு முழுமையாகப் பதிப்பது, வீடெங்கும் அரைகுறையாகச் சிதறுவதைவிட நன்றாக இருக்கும். சுண்ணாம்பு மெருகுப் பூச்சை ஒரு சுவரில் செய்து தருவதற்கும் கைதேர்ந்த கொத்தனார்கள் இருக்கிறார்கள். அது உலர எடுத்துக்கொள்ளும் நாட்களை வீட்டுக்காரர் முன்கூட்டியே ஏற்றுக்கொள்ள வேண்டும். வாசல்களுக்கிடையே நேர்கோட்டை விட்டுவைப்பதும், தாழ்வான இருக்கைகளும், வெறுமையான ஒரு நடுவிடமும் செலவில்லாமல் கிடைக்கும் செட்டிநாடு.

வேலை முடிந்து சாவியைக் கொடுக்கும்போது காவல்காரரிடம் ஓர் ஆண்டு அட்டவணையும் கொடுப்பது வழக்கமாக வேண்டும். ஐப்பசி மழைக்கு முன் ஓடு மாற்றி, தூம்பு அடைப்பு எடுத்து, கைப்பிடிச் சுவரில் முளைத்த கன்றுகளை நீக்க வேண்டும். மார்கழி முடிந்ததும் கட்டை முனைகளிலும் நிலைக்கால் அடியிலும் கரையான் தடம் பார்க்க வேண்டும். மாதம் ஒரு நாளாவது எல்லா அறைகளையும் காலையில் திறந்து மாலைவரை காற்றாட விட வேண்டும். வெளவால் நுழையும் வழிகளுக்கு வலை, படங்களுக்குப் பின்னால் துடைப்பு, ஊஞ்சல் கொக்கிக்கு எண்ணெய் என மற்றவை அதைத் தொடரும். கூலி கொடுத்து இதைச் செய்ய ஆள் வைக்காத வீட்டில், அலங்காரத்துக்குச் செய்த செலவு மூன்று நான்கு மழைக்காலங்களில் கரைந்துவிடும்.